மூணாவது வெடி

டேராடூன்
24 அக்டோபர் 1987

தேச்சக்காவுக்கு,

நலமான்னு கேக்கிற நிலைமையில நான் இல்ல. நேரா விஷயத்துக்கு வரேன்.

"அவ்வா காலமானார், உடனே வரவும்"னு தந்தி வந்துச்சு. கையில இருந்த டீ கிளாஸ் எப்ப விழுந்துதுன்னே தெரியல. இருந்த சட்டையோட கிளம்பினேன். டெல்லி வரைக்கும் நின்னுக்கிட்டே ஒரு ராத்திரி, அங்கேர்ந்து ரயில்ல ரெண்டு ராத்திரி. பெங்களூர்ல இறங்கி மைசூர் வந்து, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு சலூன்ல உக்காந்து மீசையை எடுக்கச் சொன்னேன். பட்டாளத்துல எத்தனை கர்னல் வந்து போனான், ஒருத்தனும் கை வைக்காத மீசை. பெத்தவ போயிட்டா, மீசை எதுக்குன்னு கொடுத்துட்டேன்.

கோணிக்கொப்பல்ல இறங்கினா, பஸ் ஸ்டாண்ட் டீக்கடை மம்மது காக்கா என்னை உத்து உத்துப் பாக்குறார். "பெள்ளியப்பாதானே? மீசை எங்கே?"ங்கிறார். அவ்வா போயிட்டாங்கன்னு சொல்றேன், சிரிக்கிறார் மனுஷன். "உங்கம்மாவா? நேத்து சந்தைக்கு ஆள் அனுப்பி கருவாடு வாங்கினாங்க. போன தடவை உப்பு கம்மின்னு என்னைத் திட்டியும் அனுப்பினாங்க"ங்கிறார்.

சந்தோஷமா இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன். அந்த பெஞ்சுலயே உக்காந்து சின்னப் பையன் மாதிரி அழுதேன். காக்கா காசு வாங்காம டீ கொடுத்தார். அப்புறம்தான் கோபம் வந்துச்சு.

அப்பா சாவுல சண்டை போட்டுட்டு, இனிமே இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனவன் நான். என்னை வரவைக்கிறதுக்கு நீயும் அத்தானும் சேர்ந்து போட்ட நாடகமா இது? அப்பா செத்தப்ப ரெண்டு நாள் வெச்சிருந்த உனக்கு, எனக்காக இன்னும் ஒரு பொழுது காத்திருக்க முடியல. மழை வருது, விறகு நனையுதுன்னு எரிச்சிட்டே. மூணு நாள் பிரயாணம் பண்ணி வந்தவனுக்கு நீ காட்டினது சாம்பல். அப்ப என் மேல இல்லாத அக்கறை, இப்ப உயிரோட இருக்கிறவளுக்குத் தந்தி அடிக்கிறதுல மட்டும் எங்கேர்ந்து வந்துச்சு?

அடுத்த பஸ்ல ஏறித் திரும்பிட்டேன். வீட்டுக்கு ஏழு மைல்தான் இருந்துச்சு. தெரியும்.

பெள்ளியப்பா


காளிமொட்டே
3 நவம்பர் 1987

அருமைத் தம்பி பெள்ளிக்கு,

நல்லா திட்டியிருக்கே. படிச்சேன், மறுபடியும் படிச்சேன், உங்க அத்தானுக்கும் சத்தமா படிச்சுக் காட்டினேன். நாடகம் போடுற மூஞ்சியா அது? பாவம், பன்னியைச் சுடத் தெரியாத மனுஷன்.

நடந்ததைச் சொல்றேன், வாயை மூடிக்கிட்டுப் படி.

வயல்ல கதிர் பால் பிடிக்கிற நேரம். காட்டுப்பன்னி தினம் இறங்கி உழுதுட்டுப் போகுது. அன்னைக்கு விடியக்காலையில உங்க அத்தான் நம்ம அப்பாவோட இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தூக்கிட்டுப் போனார். ஒண்ணு சுட்டார், படல. பதட்டத்துல உடனே இன்னொண்ணு சுட்டார், அதுவும் படல. பன்னி பத்திரமா வீடு போய்ச் சேர்ந்துச்சு. ஆனா ரெண்டு வெடி அடுத்தடுத்துக் கேட்டா என்ன அர்த்தம்? அந்த வீட்டுல சாவுன்னு நம்ம ஊர்ல பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நம்ம வீட்டுப் பக்கமிருந்து ரெண்டு வெடி, வீட்டுல எண்பத்து நாலு வயசுக் கிழவி. வேற என்ன நினைப்பாங்க?

மேட்டு வீட்டு கரும்பய்யா இருக்கானே, அவன் இங்கே வந்து எட்டிப்பாத்துட்டுப் போயிருக்கலாம். நேரா தபாலாபீசுக்கு ஓடி, கதவு திறக்கிற வரைக்கும் உக்காந்திருந்து, உனக்குத் தந்தி அடிச்சிட்டு, அப்புறமா வெள்ளைத் துணி கட்டிக்கிட்டு இங்கே வந்திருக்கான். திட்டணும்னா அவனைத் திட்டு. அவனோ, "பெள்ளிக்கு இந்தத் தடவையாவது நேரத்துக்குத் தெரியட்டும்னுதான் அக்கா"ங்கிறான். அதுக்கப்புறம் எனக்குத் திட்ட மனசு வரல.

இப்ப கேளு. நான் மாட்டுக்கொட்டகையில இருந்தேன். அவ்வா முற்றத்துல காந்தாரி மிளகாய் ஆய்ஞ்சிட்டிருந்தா. வாசல் கேட் பக்கமிருந்து பொம்பளைங்க கும்பலா அழுதுகிட்டு வராங்க. அவ்வா பதறி எழுந்து, "ஐயோ, யாரு போயிட்டா? யாரு போயிட்டா?"ன்னு தலையில துணியைப் போட்டுகிட்டு, அவங்களோட சேர்ந்து தானும் ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சிட்டா! வந்தவளுங்க இவ முகத்தைப் பாத்ததும் அப்படியே நின்னுட்டாளுங்க. ஒருத்தி மயங்கி மிளகாய்க் கூடை மேலயே விழுந்துட்டா. அவளைக் கழுவி எடுக்கிறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு.

விஷயம் தெரிஞ்சதும் அவ்வா சிரிச்ச சிரிப்பு இருக்கே! இருமல் வந்து கண்ணுல தண்ணி. "வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க"ன்னு எல்லாருக்கும் வெல்லக் காப்பி போடச் சொன்னா. "என்னைப் பத்தி என்ன சொல்லி அழலாம்னு வந்தீங்களோ, அதை இப்பவே சொல்லுங்க, நானும் கேக்கிறேன்"னு நாற்காலியைப் போட்டு நடுவுல உக்காந்துட்டா.

முதல்ல எல்லாரும் வெக்கப்பட்டாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா ஆரம்பிச்சாங்க. ஆத்துல வெள்ளம் போனப்ப மூங்கில் தெப்பத்துல வந்து பிரசவம் பாத்ததை ஒருத்தி சொன்னா. அப்பா பர்மா சண்டைக்குப் போய் நாலு வருஷம் சேதி இல்லாம இருந்தப்ப, ஊர் முழுக்க அவர் இல்லன்னு முடிவு பண்ணியும், அவ்வா மட்டும் தினமும் அவருக்குன்னு சோறு எடுத்து வெச்சதைக் கரும்பய்யாவோட அம்மா சொன்னா. தொழுவத்துக்கு வந்த சிறுத்தையை அகப்பையால துரத்தினதைச் சொன்னப்ப, "அகப்பை இல்ல, தோசைத் திருப்பி"ன்னு அவ்வா திருத்தினா. "ஊறுகாய் கேட்டா மட்டும் கை வராது"ன்னு ஒருத்தி சொல்ல, "அதையும் சொல்லி அழலாம்னு வந்தியாடி?"ன்னு கேட்டு ஒரே கூத்து.

"நான் இவ்வளவு நல்லவள்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே ஒரு தடவை செத்திருப்பேன்"னா. எல்லாரும் கிளம்புறப்ப, "ரெண்டு வெடி பன்னிக்குப் போயிடுச்சு. இனிமே எனக்குன்னா மூணு. மூணு கேட்டா மட்டும் வாங்க, சும்மா சும்மா காப்பிக்கு வராதீங்க"ன்னு சொல்லி அனுப்பினா.

உன் கடிதத்தை அவகிட்ட படிக்க வேண்டாம்னுதான் இருந்தேன். உறை மேல உன் கையெழுத்தைப் பாத்துட்டா. படிச்சேன். ஏழு மைல்னு எழுதியிருக்கிற இடம் வரைக்கும் முழுசா கேட்டா. அப்புறம், "மீசை எடுத்துட்டானா? அப்ப பள்ளிக்கூடத்துக்குப் போன முகமா இருந்திருக்குமே. நான் பாக்கலியே"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

அப்பா விஷயத்துல நீ சொன்னதுக்கு நான் பதில் எழுதப் போறதில்ல. முடிவு பண்ணது யார்னு என்னைக் கேக்காதே. உனக்குத் திட்டிக்க ஒரு ஆள் வேணும்னா நான் இருக்கேன்.

இன்னொண்ணு. அவ்வா தன்னோட வெத்தலைப் பெட்டியில ஒரு தோட்டா வெச்சிருக்கா. துப்பாக்கித் தோட்டாதான். பாக்குக்கும் சுண்ணாம்புக்கும் நடுவுல கிடக்கு. என்ன இதுன்னா, "என் சாமான். உனக்கென்ன?"ங்கிறா. வயசு ஆயிடுச்சு, என்ன பண்றது.

உன் அக்கா
தேச்சம்மா


டேராடூன்
21 நவம்பர் 1987

தேச்சக்கா,

மிளகாய்க் கூடையில விழுந்தது யாருன்னு எழுதலியே? எதுக்கெடுத்தாலும் மயங்கி விழுற நம்ம பாலவ்வாவா? அவளாத்தான் இருக்கும். என் பெண்டாட்டிக்கு உன் கடிதத்தை ஹிந்தியில சொன்னேன், அவ சிரிச்சு அடங்க ரெண்டு நாள் ஆச்சு. இப்ப அவளும், "உங்க அம்மாவைப் போய்ப் பாருங்க"ன்னு தொல்லை பண்றா. எல்லாப் பொம்பளைகளும் ஒரு கட்சி.

நாடகம்னு எழுதினது தப்பு. வாபஸ்.

ஆனா மத்தது அப்படியேதான் இருக்கு. நீ கோபப்பட்டாலும் சரி. அப்பாவை நான் கடைசியா பாத்தது என் லீவு முடிஞ்சு அவர் என்னை பஸ் ஏத்திவிட்டப்ப. பஸ் கிளம்பினப்புறமும் கையைத் தூக்கிட்டே நின்னார், நான் ஜன்னல் பக்கம் இடம் கிடைக்காம திரும்பிக்கூடப் பாக்கல. அதுக்கப்புறம் சாம்பல்தான். ஒரு நாள், அக்கா. ஒரே ஒரு நாள் நீங்க பொறுத்திருந்தா முகத்தையாவது பாத்திருப்பேன். எல்லார் முன்னாடியும் வாசப்படியில நின்னு சொல்லிட்டு வந்தவன், இப்ப எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வந்து ஏறுவேன்? மீசை கூட இல்லாத முகத்தை.

அவ்வா ராத்திரி தூங்குறாளா? சோறு இறங்குதா? கால் வீக்கம் இருந்துச்சே, எப்படி இருக்கு? நீ உன் கடிதத்துல கூத்தை எல்லாம் எழுதிட்டு, இதை எழுதாம விட்டுட்டே. எழுதாம விட்டதுதான் எனக்கு பயமா இருக்கு.

நான் சின்னவனா இருந்தப்ப ஜுரம் வந்தா, மழையில முதுகுல கட்டிக்கிட்டு வைத்தியர் வீட்டுக்கு நடப்பா. ஓலைக்குடை என் தலைக்கு மட்டும்தான் இருக்கும். அவ கழுத்து வழியா தண்ணி ஓடி என் கன்னத்துல படும், சூடா இருக்கும். இந்த ஊர்ல மழை பெய்யும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருது.

அவளுக்கு ஒரு கம்பளிப் போர்வையும் அக்ரூட்டும் அனுப்பியிருக்கேன். பல் இல்லன்னா இடிச்சுக் கொடு.

பெள்ளி


காளிமொட்டே
9 டிசம்பர் 1987

பெள்ளி,

சண்டை போட நேரம் இல்ல, அதனால சின்னதா எழுதுறேன்.

அவ்வா சாப்பாடு குறைஞ்சு போச்சு. கஞ்சியில ரெண்டு வாய், அதுக்கே போதும்கிறா. டாக்டர் வந்து பாத்தார். நோய்னு ஒண்ணும் இல்ல, எண்ணெய் தீருதுன்னார். வலி இல்ல. அது ஒரு புண்ணியம். பகல்ல தூங்குறா, முழிச்சா பேசுறா, பேசினா கேலிதான். உன் போர்வையைப் போத்திக்கிட்டு, "பெள்ளி என்னை ஆடா ஆக்கிட்டான்"ங்கிறா.

புத்தரிப் பண்டிகையில புதுக்கதிர் அறுக்கிறதைப் பாக்கணும்னு பிடிவாதம் பிடிச்சா. நாற்காலியோட தூக்கிட்டுப் போனோம். நிலா வெளிச்சத்துல உங்க அத்தான் கதிரை அறுத்து அவ மடியில வெச்சார். கதிரைத் தடவிக்கிட்டே, "இது கடைசி"ன்னா. அழல. வயித்துப் பசி தீர்ந்தவங்க தட்டைத் தள்ளி வைப்பாங்களே, அப்படிச் சொன்னா. நான்தான் அழுதேன்.

இனிமே வருவது அவ சொன்னது. வார்த்தை மாறாம எழுதச் சொல்லியிருக்கா:

"பெள்ளி, நான் ஒரு தடவை செத்துப் பாத்தேன், நீ வந்தே. உன்னை வரவைக்கிறதுக்காக இன்னொரு தடவை சாக எனக்குச் சௌகரியப்படாது. நீ வாசப்படியை மிதிக்க மாட்டேன்னுதானே சொன்னே? பின்கட்டுக் கதவைப் பத்தி ஒண்ணும் சொல்லல. நான் பக்கத்துலயே நின்னு கேட்டேன், எனக்கு ஞாபகம் இருக்கு. அடுப்படிக் கதவைத் திறந்து வெச்சிருக்கேன். நாய் நுழைஞ்சு கருவாட்டைத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள வந்து சேரு."

நிஜமாவே திறந்துதான் வெச்சிருக்கா. பனி உள்ளே வருது, சாத்தட்டுமான்னா, "அவன் வந்ததும் சாத்து"ங்கிறா.

வாடா தம்பி. என்கிட்ட பேச வேண்டாம். என்னைப் பாக்க வேண்டாம். நான் மாட்டுக்கொட்டகையில இருந்துக்கிறேன். நீ வா.

தேச்சு


காளிமொட்டே
20 பிப்ரவரி 1988

அருமை பெள்ளிக்கு,

நல்லபடியா ஊர் போய்ச் சேர்ந்ததுக்குக் கார்டு கிடைச்சுது. நீ போனதுல இருந்து வீடு ஓன்னு இருக்கு. அடுப்படிக் கதவை இப்ப சாத்தி வெச்சிருக்கேன். இருந்தாலும் காலையில எழுந்ததும் கை தானா போய்த் தாழ்ப்பாளைத் திறக்குது.

அன்னைக்கு மத்தியானம் நீ பெட்டியும் கையுமா குனிஞ்சு அந்தச் சின்னக் கதவு வழியா நுழைஞ்சப்ப, பட்டாளத்துக்காரன் தலையை நிலையில இடிச்சுக்கிட்டே பாரு, அவ்வா அதை எத்தனை நாள் சொல்லிச் சிரிச்சா! உன் மேலுதட்டைத் தடவிப் பாத்து, "பாதி முளைச்சிருக்கு, வந்த வரைக்கும் லாபம்"னா. அந்த அஞ்சு வாரமும் அவ படுத்த மாதிரியே எனக்குத் தெரியல. நீ ஊட்டினா கஞ்சி ஒரு கிண்ணம் உள்ளே போச்சு. நான் ஊட்டினா ரெண்டு வாய். எனக்குப் பொறாமையாத்தான் இருந்துச்சு, சொல்லிட்டேன்.

கடைசி நாள் காலையில நீ காப்பி பறிக்கிற ஆளுங்களோட தோட்டத்துல இருந்தே. உள்ளே நடந்ததை உனக்கு நான் சரியா சொல்லவே இல்ல.

காப்பி கேட்டா. கொடுத்தேன். வெல்லம் கம்மின்னா. இன்னும் போட்டேன். "இப்ப சரி"ன்னு குடிச்சா. தலை வாரிவிடுன்னா. ஜன்னல்ல வெயில் வந்துச்சு. என் மேல சாஞ்சு உக்காந்தா, நான் பின்னாலிருந்து வாரினேன். முடி எவ்வளவு மெலிசா போயிடுச்சுன்னு நான் சொல்ல, "உன்னுது மட்டும் என்ன வாழுதாம்?"ன்னா. அதுக்கு நான் சிரிச்சேன். பின்னலை முடிச்சுக் கட்டும்போது தலை என் தோள்ல கனமா விழுந்துச்சு. தூங்கிட்டான்னு நினைச்சேன். கொஞ்ச நேரம் அப்படியே அசையாம இருந்தேன், தூக்கம் கலையக் கூடாதேன்னு. அப்புறம்தான் உன்னைக் கூப்பிட்டேன்.

நீ வந்து பாத்துட்டு, முற்றத்துக்குப் போய் ரெண்டு வெடி சுட்டே. ஒரு ஆளும் வரல! ஊர்ல ஒரு குருவி அசையல. கரும்பய்யா இப்ப சொல்றான், "பன்னி மறுபடியும் இறங்கிடுச்சு போலன்னு காப்பி பறிச்சிட்டே இருந்தேன்"னு. அவ்வா மூணு வெடின்னு சொன்னதை அவங்க எல்லாரும் நெஜமாவே எடுத்துக்கிட்டாங்க. நான்தான் வேடிக்கைன்னு மறந்துட்டேன்.

இப்ப நான் கேக்கிறேன், நீ மறைக்காம சொல்லணும். நீ நேரா உள்ளே வந்து வெத்தலைப் பெட்டியைத் திறந்து அந்தத் தோட்டாவை எடுத்தே. அது அங்கே இருக்குன்னு நான்தான் எழுதினேன், ஆனா எதுக்குன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு. சரி, ஊரைக் கூப்பிட மூணாவது வெடி வேணும், புரியுது. ஆனா அதை நீயே சுட்டிருக்கலாமே? அழுதுட்டு இருந்தவளை முற்றத்துக்கு இழுத்துட்டு வந்து, துப்பாக்கியை என் கையில கொடுத்து, "சுடு அக்கா, நீதான் சுடணும்"னியே, ஏன்? கைல்போது பண்டிகைக்குத் தேங்காயைக் குறி வெச்சுச் சுட்டதோட சரி, நான் துப்பாக்கி தொட்டு எத்தனை வருஷம்! தோள் ஒரு வாரம் வலிச்சுது.

பதினோராம் நாள் சடங்கு வரைக்கும் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். கூட்டத்துல முடியல.

தேச்சு


டேராடூன்
5 மார்ச் 1988

என் தேச்சக்காவுக்கு,

நேர்ல சொல்லத் தைரியம் இல்லாமத்தான் ஊரை விட்டு வந்தேன். கடிதத்துல சொல்லலாம்னு நினைச்சேன். நீ கேக்கிறதுக்காகக் காத்திருந்தேன்.

நான் வந்து ஒரு பத்து நாள் இருக்கும். நீ களத்துல காப்பி உலர்த்திட்டு இருந்தே. அவ்வா என்னைக் கிட்டே கூப்பிட்டா. "உங்கப்பாவை நீ வர்றதுக்கு முன்னாடி எரிக்கச் சொன்னது நான்"னா. "பெரியவங்க காத்திருக்கலாம்னுதான் சொன்னாங்க. தேச்சுவும் தம்பி வரட்டும்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. அந்த மழையில முகம் மாறிக்கிட்டே இருந்துச்சு. பஸ்ஸுக்குக் கை காட்டின முகமாவே அவர் உன் நினைப்புல இருக்கட்டும்னு நான்தான் அவங்க சொன்னதைக் கேக்கல. நீ வந்து கத்தினப்ப, தேச்சு என்னைப் பாத்தா. நான் வாயைத் திறக்கல. அவ பழியைத் தன் தலையில வாங்கிக்கிட்டா. நீ என் மேல கோபப்பட்டுட்டா என்னால தாங்க முடியாதுன்னு அவளுக்குத் தெரியும்."

அக்கா, ஆறு வருஷம். என்னென்ன எழுதினேன் உனக்கு. நீ ஒரு வரி சொல்லலியே. முடிவு பண்ணது யார்னு கேக்காதேன்னு எழுதினியே, அதைப் படிச்சும் எனக்கு உறைக்கலியே. நான் ஒரு மடையன்.

அப்புறம் வெத்தலைப் பெட்டியைத் திறந்து தோட்டாவைக் காட்டினா.

"நீ பிறந்தப்ப முற்றத்துல ஒரு வெடி சுட்டாங்க. ஆம்பளைப் பிள்ளைன்னு ஊருக்கே கேட்டுச்சு. கோழி, நெய், தேன்னு தூக்கிக்கிட்டு எல்லாரும் உன்னைப் பாக்க ஓடி வந்தாங்க. தேச்சு பிறந்தப்ப வீட்டுக்குள்ள வெண்கலத் தட்டைத் தட்டினாங்க. பொம்பளைப் பிள்ளைக்கு அவ்வளவுதான் வழக்கம். அந்தச் சத்தம் வயலைக்கூடத் தாண்டல. நான் பச்சை உடம்போட படுத்துக்கிட்டு வாசலையே பாத்துட்டு இருந்தேன். ஒருத்தரும் வரல. அப்பவே நினைச்சேன், இவளுக்கு ஒரு வெடி பாக்கி இருக்குன்னு. நான் போறப்ப ரெண்டு எனக்குச் சுடு. மூணாவதை அவ கையில கொடு. அது எனக்கு இல்ல."

ரெண்டு வெடிக்கு யாரும் வரல. நீ சுட்டதும்தான் வந்தாங்க. மேட்டுலேர்ந்தும் வயல்லேர்ந்தும், கையில இருந்த கூடையைக் கீழே போட்டுட்டு ஓடி வந்தாங்க. துப்பாக்கியோட முற்றத்துல நின்னவ நீதான், முதல்ல உன்கிட்டதான் வந்தாங்க.

அது நீ பிறந்ததுக்கான வெடி, அக்கா. உன்னைப் பாக்க ஊரே வந்துச்சு.

உன் தம்பி
பெள்ளி